சித்தூரில் இன்னொரு ஏகாம்பரம்

என்னைத்தான் அனுப்ப வேண்டும் என்று பாஸ்டியன் சார் பிடிவாதமாக இருந்தார். எனக்கு லீவு பாக்கி இருந்தது, தெலுங்கு ஓரளவு பேசுவேன், அந்தப் பக்கம் போய்வந்த பழக்கம் உண்டு என்று காரணங்களை அடுக்கினார். கிறிஸ்துமஸ் நடனத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. கிதார் வாசிக்கும் செசிலைச் சில வாரங்களாகக் காணவில்லை. ரேணிகுண்டாவில் அவன் அக்கா இருக்கிறாள், அங்கேதான் போயிருப்பான், எப்படியாவது அழைத்து வா என்றார்.

பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் சனிக்கிழமை சாயங்காலம் ஜாஸ் வாசிக்கும் சிறிய கோஷ்டி எங்களுடையது. பாஸ்டியன் சார் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மன், டிரம்பெட் ஊதுவார். மோசஸ் டிரம்ஸ். பியானோவுக்கு ஒரு டீச்சரம்மா. கிதாருக்கு நான். பகலில் கடற்கரைப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. மூர்மார்க்கெட்டில் கீறல் விழுந்த இசைத்தட்டுகளை வாங்கி, ஊசியைத் திரும்பத் திரும்ப அதே இடத்தில் வைத்துக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டவன். ஒரு பாட்டு கைக்கு வர எனக்கு மழைக்காலம் முழுக்கப் போய்விடும்.

அப்போதுதான் செசில் வந்தான். இன்ஜின் டிரைவர் மகன், மீசை சரியாக அரும்பாத வயது. நான் ஒரு மழைக்காலம் செலவழித்த பாட்டை அவன் ஒரே முறை கேட்டான். டீ குடித்துக்கொண்டே கேட்டான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசித்தான். இசைத்தட்டில் இருந்ததும் வந்தது, இல்லாததும் வந்தது. டீச்சரம்மா பியானோவிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது இரக்கம்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்களைப் போலப் பொழுதுபோக்குக்காகக் கிதார் வாசித்தவர்கள் மெட்ராஸில் அப்போது வெகு சிலர்தான். எல்லோரும் ஒருவரையொருவர் அறிவோம். செசிலைக் கேட்ட பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சமாளித்தார்கள். ராயபுரத்துக்காரர் இனிமேல் சர்ச்சில் மட்டும்தான் வாசிப்பேன் என்றார். அயனாவரத்து நண்பர் கையில் வாதம் என்று சொல்லி, தைல வாசனையோடு வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். இன்னொருவர் செசிலின் பரம ரசிகராகி அவன் கிதார்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். நான் முதலில் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்தேன். பிறகு ஆபீசில் வேலை அதிகம் என்றேன். அதற்குப் பிறகு போகவே இல்லை.

ஆகவே, என் இடத்தில் உட்கார்ந்தவனைத் தேடி அழைத்து வர நானே புறப்பட்டேன். அவன் கிதார் கறுப்புப் பெட்டியோடு இன்ஸ்டிட்யூட் மேடையிலேயே கிடந்தது. அதையும் கையில் கொடுத்து, "இத பாத்தா வந்துடுவான்" என்றார் பாஸ்டியன் சார். கிதாரை விட்டுவிட்டுப் போகிறவனா செசில் என்ற கேள்வி அப்போதே எங்கள் இருவருக்கும் வந்திருக்க வேண்டும். நாங்கள் அதைப் பேசவில்லை.

முதல் நாள் காலை ரயிலில் நல்ல கூட்டம். அரக்கோணத்தில் இட்லி வாங்கினேன். மந்தார இலையில் கட்டித் தந்தார்கள், சட்னி அதற்குள்ளேயே ஒரு மூலையில் ஒளிந்துகொண்டிருந்தது. திருத்தணி தாண்டியதும் ஸ்டேஷன் பலகைகளைப் பார்ப்பதே பொழுதுபோக்காகிவிட்டது. ஆந்திரா தனி மாநிலமாகிவிட்டிருந்தது, எல்லை இன்னும் தீர்ந்தபாடில்லை. ஒரு பலகையில் தமிழ் எழுத்தைத் தார் பூசி அழித்திருந்தார்கள். அடுத்ததில் தெலுங்கு எழுத்தை. ஒன்றில் இரண்டையுமே அழித்துவிட்டு இங்கிலீஷை மட்டும் விட்டிருந்தார்கள். அது எந்த ஊர் என்று இங்கிலீஷ் தெரியாத யாரும் இறங்கிக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நகரி பக்கம் ஏகாம்பரகுப்பம் என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. என் பெயர் ஏகாம்பரம். நடைமேடையில் போர்ட்டர் ஊர்ப்பெயரை நீட்டி முழக்கிக்கொண்டு நடந்தபோது எதிரில் உட்கார்ந்திருந்தவரிடம் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னேன். முனிரத்தினம் என்று பெயர், நாகலாபுரத்துப் பக்கம் நிலக்கடலை பயிரிடும் விவசாயி. அதுவரை கறுப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே வந்தவர், என் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட, நீங்கதானா அது. புத்தூர் கூட்டத்துல வாசிச்சீங்களே."

எந்தக் கூட்டம் என்று கேட்டேன். எல்லை விஷயமாகப் போன வாரம் புத்தூரில் கூட்டம் நடந்ததாம். பேச வேண்டியவர்கள் வருவதற்குத் தாமதமானது. ஜனங்கள் கலைந்துவிடக் கூடாது என்று ஒருவரை மேடையில் ஏற்றி வாசிக்கவைத்தார்கள். மெட்ராஸ் கப்பல் ஆபீசிலிருந்து வந்திருக்கும் ஏகாம்பரம் இப்போது கிதார் வாசிப்பார் என்று மைக்கில் அறிவித்தார்களாம். முனிரத்தினம் பின்வரிசையில் இருந்ததால் முகம் தெரியவில்லை.

"இங்கிலீஷ் பாட்டுதான். ஆனா கேட்டுக்கினே இருக்கலாம் போல இருந்துச்சி. நான் துன்றதுக்கு வாங்குன போண்டாவ கையிலயே வெச்சிக்கினு நின்னுட்டேன்."

அது நானில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கிதார்க்காரன் என்று சொல்லி மதிப்போடு பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. புத்தூரில் இறங்கும்போது அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். வண்டி நகர்ந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. அந்தப் பெயரும் அந்த ஆபீசும் உலகத்தில் என் ஒருவனுக்குத்தான் பொருந்தும்.

ரேணிகுண்டா ரயில்வே குவார்ட்டர்ஸில் செசிலின் அக்கா டாரத்தியைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. ரயில் கார்டாக இருந்த கணவர் இறந்த பிறகு ரயில்வே பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் பெயரைச் சொன்னதும் கதவை அகலத் திறந்தார்.

"வாங்க மிஸ்டர் ஏகாம்பரம். பாப்பாவுக்கு இருமல் நின்னுட்டுதா?"

என் மகளுக்குப் போன வருஷம் ஐப்பசியில் விடாத இருமல். இவர் என்னைப் பார்ப்பதோ இதுதான் முதல் தடவை. மஞ்சள் சோறும் உருண்டைக் குழம்பும் பரிமாறிக்கொண்டே அவர் என் வீட்டைப் பற்றி என்னிடம் பேசினார். கூடத்துக் கடிகாரம் வேகமாக ஓடுவது, கொல்லைக் குழாயில் தண்ணீர் வரும்போது உறுமுவது, என் மனைவி மீன் கழுவும்போது முணுமுணுக்கும் பாட்டு. எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் செசில் சொன்னது என்றார். நீங்கள் இருவரும் அவ்வளவு நெருக்கம் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

செசில் என் வீட்டு வாசற்படி மிதித்தவனில்லை. நானும் அவனும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. நான் மோசஸிடம்தான் வீட்டுக்கதை பேசுவேன், டீ நேரத்தில், வராந்தாவில். செசில் தள்ளி உட்கார்ந்து தந்தி முறுக்கிக்கொண்டிருப்பான். அவ்வளவையும் கேட்டிருக்கிறான். ஒன்றுகூட விடாமல் வைத்திருக்கிறான்.

அவன் இங்கே சில நாள் இருந்தான், சாப்பிடும்போது ஸ்பூன் சத்தம் கேட்டால்கூடக் காதைப் பொத்திக்கொள்வான், தூங்கவே இல்லை என்றார் டாரத்தி. ரயில் சத்தம் தாங்கவில்லை, திருச்சானூர் குளத்துப் பக்கம் அமைதியாக இருக்குமாம் என்று, வீட்டில் கிடந்த பழைய கிதாரை எடுத்துக்கொண்டு கிளம்பினானாம். சொல்லி முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. நான் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழ முடியாமல் சாப்பிட்டு முடித்தேன். உருண்டைக் குழம்பு மிக நன்றாக இருந்தது.

இரண்டாம் நாள் காலை திருப்பதியில் பனி. மலையே தெரியவில்லை. மொட்டை போட்டு சந்தனம் பூசிய தலைகள் மட்டும் பனிக்குள்ளிருந்து வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன. திருச்சானூருக்கு ஜட்கா பிடித்தேன். பாதி வழியில் சக்கரத்தின் கடையாணி கழன்று வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. குதிரை அசையாமல் நின்றது, பழகிப்போனது போலிருக்கிறது. வண்டிக்காரர் என்னைக் குறை சொன்னார், பெட்டி கனமாம். நான் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். செசிலின் பெட்டிக்கு உண்மையிலேயே கனம் அதிகம்தான், நல்ல மரம்.

குளக்கரையில் ஒரு டீக்கடை. பெசரட்டு சாப்பிட உட்கார்ந்தேன். கடைக்காரர் கல்லில் மாவைத் தேய்த்துக்கொண்டே சீட்டியடித்தார். முதலில் கவனிக்கவில்லை. அப்புறம் என் கை அப்படியே நின்றுவிட்டது.

அது நான் வாசிப்பது.

பாட்டு யாருடையதாகவும் இருக்கலாம். ஆனால் நடுவில் தனியாக வாசிக்கக் கிடைக்கும் இடத்தில் நான் ஒரு வழியில் ஏறி இறங்குவேன். ஏறும்போது ஒரு சுரத்துக்குச் சுண்டுவிரல் போக வேண்டும். சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டி வளைந்துபோன விரல் அது. எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அந்த இடத்தில் என் வாசிப்பு தடுக்கும். இத்தனை வருஷமாக எத்தனையோ விதமாக அதை மறைக்கப் பார்த்திருக்கிறேன். டீக்கடைக்காரர் அந்தத் தடுக்கலையும் சேர்த்துச் சீட்டியடித்தார்.

எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று தெலுங்கில் கேட்டேன். எதிர்ச் சத்திரத்து மாடியில் தங்கியிருந்த மெட்ராஸ்காரர் தினமும் மத்தியானம் வாசிப்பார், கேட்டுக் கேட்டு வாயில் ஒட்டிக்கொண்டது என்றார். அந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறதே, ஏன் என்று கேட்டேன். பாட்டே அப்படித்தானே என்றார்.

சத்திரத்து மேனேஜர் தமிழர், சத்தியவேடு பக்கம். ஏகாம்பரம் சார் முந்தாநாள்தான் காலி செய்துகொண்டு சித்தூருக்குப் போனார், அங்கே மிஷன் ஹாஸ்டலில் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டு சொல்லித்தருகிறார் என்றார். நீங்கள் அவருக்கு யார் என்று கேட்டார்.

"நானும் ஏகாம்பரம்தான்."

அவர் என் முகத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அவரும் உங்கள மாதிரியேதான் சார் பேசுவாரு. இதோ இப்புடித்தான், மூக்க தடவிக்கினு" என்றார். என் கை மூக்கில்தான் இருந்தது. கீழே இறக்கினேன்.

அன்று அவன் தங்கிய அறையிலேயே எனக்கு இடம் கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் குளம். படிக்கட்டில் யாரோ துணி துவைத்தார்கள். துவைக்கும் சத்தம் என் காதுக்கு வரும்முன் கல்லில் அடித்த கை மேலே போயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைத்ததும் படுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சித்தூர் பஸ். சந்திரகிரிக் கோட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி மாந்தோப்பு நிழலில் உட்கார்ந்தோம். மெட்ராஸில் பஸ் நின்றால் பத்துப் பேர் கண்டக்டரைச் சூழ்ந்து சத்தம் போடுவார்கள். இங்கே துணிமூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார்கள். என் பக்கத்தில் இரண்டு பேர் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள் என்று அதிகாரி வந்து கேட்டாராம். "மனைவியிடம் தமிழ், மாட்டிடம் தெலுங்கு என்று சொன்னேன். எந்தப் பக்கம் எழுதிக்கொண்டாரோ" என்றார் ஒருவர். மற்றவர் சிரிக்கவில்லை. நம்மை எங்கே எழுதினாலும் கிணறு இருக்கும் இடத்தில்தான் இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து திருப்பதி போகும் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இடம் இருக்கிறது என்றார். நான் எழுந்து நின்றேன். தேடினேன், கிடைக்கவில்லை என்று பாஸ்டியன் சாரிடம் சொன்னால் நம்புவார். கிறிஸ்துமஸுக்கு வேறு ஆள் கிடையாது. மேடையில் என் நாற்காலி எனக்குத் திரும்பும். யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த பஸ்ஸின் படிவரைக்கும் போனேன். என்னைப் போலவே மூக்கைத் தடவிக்கொண்டு ஒருவன் சித்தூரில் உட்கார்ந்திருக்கும்போது நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், அங்கே உட்கார்ந்திருப்பது யார்? கண்டக்டர் விசிலடித்தார். நான் ஏறவில்லை.

சித்தூர் போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சங்கடி என்கிற கேழ்வரகுக் களியும் பச்சைமிளகாய்க் குழம்பும்தான் இருந்தது. காரத்தில் கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீரோடுதான் மிஷன் ஹாஸ்டலுக்குள் நுழைந்தேன்.

பிள்ளைகள் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். வளாகம் காலி. புளியமரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நீளமான சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கிதார் சத்தம் வந்தது. பழைய, மட்டமான கிதார். ஒரு தந்தி இல்லை என்பது கேட்டவுடன் தெரிந்தது. கூடத்து வாசலில் சமையல்கார அம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்து, உட்காரும்படி சைகை செய்தார்.

உட்கார்ந்தேன். உள்ளே நான் வாசித்துக்கொண்டிருந்தேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நான் தயங்கும் இடத்தில் அது தயங்கியது. நான் அவசரப்படும் இடத்தில் அவசரப்பட்டது. அந்த ஏற்றம் வந்தது. சுண்டுவிரல் தாமதித்தது. அம்மாளின் கையில் முறம் அந்தரத்தில் நின்று, சுரம் வந்து சேர்ந்ததும் இறங்கியது.

"அந்த எடத்துல நின்னு வர்றாரு பாருங்க, அதான் எனக்குப் புடிக்கும்" என்றார் மெதுவாக.

எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். பயமாகத்தான் இருந்தது. என் தடுக்கலை மெட்ராஸில் இதுவரை யாரும் ரசித்ததில்லை. என் கையில் அது தடுக்கல். அவன் கையில் அது சங்கீதம். அவனைப் போல வாசிப்பதில் நான் தோற்றது எனக்குப் பழகிப்போன விஷயம். என்னைப் போல வாசிப்பதிலும் அவன்தான் என்னைவிட மேல்.

உள்ளே போனேன். ஜன்னலோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். தலையை என்னைப் போலவே வலது பக்கம் வகிடெடுத்து எண்ணெய் வைத்து வாரியிருந்தான். என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, "யாரு வேணும்?" என்றான்.

"செசில், நான்தான்" என்றேன்.

"செசில் இங்க இல்லியே." பிறகு கறுப்புப் பெட்டியைப் பார்த்தான். "அது அவனோடது. பாத்தா குடுத்துடுங்க."

நடிப்பு இல்லை. குரலில் விளையாட்டும் இல்லை. அப்போதுதான் அவன் இடது கையைப் பார்த்தேன். சுண்டுவிரலில் மூங்கில் சிம்பு வைத்து நூலால் இறுக்கிச் சுற்றியிருந்தான். நூலுக்கு மேலே விரல் வீங்கி, நாவல்பழ நிறத்தில் இருந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இது எப்போது கட்டினது என்று கேட்டேன். கையை மடியில் மறைத்துக்கொண்டான். நான் என் சுண்டுவிரலை நீட்டிக் காட்டினேன். அந்த வளைவை அவன் வெகு நேரம் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ இளகியது.

"புத்தூர்ல எலும்பு கட்டுறவங்ககிட்ட போனேன் அண்ணே. நல்ல வெரலுக்குக் கட்டு போட மாட்டோம்னு தொரத்திட்டாங்க. அவங்க மத்தவங்களுக்குக் கட்டுறத பாத்து நானே கட்டிக்கினேன்."

"எதுக்குடா?"

"தலைக்குள்ள ஓயாம ஓடுது. கேட்டது எல்லாம். ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து கத்துது. நீங்க வாசிக்கறப்ப அந்த எடத்துல ஒரு சந்து வரும் பாருங்க, வெரல் லேட்டா வர்ற எடத்துல. அந்தச் சந்துல எல்லாம் நின்னுபோவும். அதுக்குத்தான் சனிக்கிழமை சனிக்கிழமை வந்துக்கினு இருந்தேன். அப்புறம் நீங்க வர்றத நிறுத்திட்டீங்க."

மழை மறுபடியும் ஓட்டில் விழத் தொடங்கியது. நான் அவனுக்கு இடம் கொடுத்து ஒதுங்கியதாக நினைத்திருந்தேன். அவமானத்தைப் பெருந்தன்மை என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை நான் வருவேன் என்று அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான்.

கட்டைப் பிரிக்கலாம் என்றேன். அவன் கையை இழுத்துக்கொண்டான். "பிரிச்சா லேட்டு போயிடும் அண்ணே" என்று கெஞ்சினான். நான் சமையல்கார அம்மாளைக் கூப்பிட்டேன். அவர் விரலைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே ஓடிக் கத்தி கொண்டுவந்தார். அவர் அவன் தோளைப் பிடித்துக்கொள்ள, நான் நூலை அறுத்தேன். நூல் சதைக்குள் புதைந்திருந்தது. அவன் கத்தவில்லை. அறுபட்ட நூலையே பார்த்துக்கொண்டிருந்தான். மழையிலேயே ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டரம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னும் தாமதித்திருந்தால் எடுக்க வேண்டியிருக்கும், இப்போது தப்பிவிடும், ஆனால் பழையபடி வளைந்து கொடுக்காது என்றார். கிதார் வாசிக்கிற கை என்றேன். அவர் தலையை அசைத்துவிட்டு வேறு நோயாளியிடம் போனார்.

நர்ஸ் பெயர் கேட்டாள். "ஏகாம்பரம்" என்றான் செசில், தயக்கமில்லாமல். அவள் அடுத்தபடியாக என்னைப் பார்த்தாள், கூட இருப்பவர் பெயர் வேண்டுமாம். ஒரே பெயரை இரண்டு தடவை எப்படிச் சொல்வது? "செசில்" என்றேன். சொல்லிவிட்ட பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. அங்கே இருந்தவரை ஆயாக்களும் நர்ஸுகளும் என்னை அந்தப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். முதல் தடவை கூப்பிட்டபோதே திரும்பிப் பார்த்துவிட்டேன்.

மறுநாள் மாலை மங்கும் நேரம். அவன் இன்னும் தூங்கியிருக்கவில்லை. கண் இரண்டும் சிவந்து, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வார்டில் பாத்திரம் உருட்டும் ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு அதிர்ந்தது. வாசிங்க என்றான். ஒரு வருஷமாகத் தொடவில்லை, மறந்துவிட்டது என்றேன். எனக்கு மறக்கல என்றான்.

பெட்டியைத் திறந்தேன். அவன் கிதாரை அப்போதுதான் முதல் தடவையாக மடியில் வைத்தேன். எனக்குப் பழக்கமில்லாத நல்ல கிதார், தந்திகள் விரலுக்குக் கீழே தானாகவே இணங்கின. பக்கத்துக் கட்டில்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். உலகத்திலேயே எனக்குத் தெரிந்த மிகப்பெரிய வித்துவானுக்கு முன்னால், அவன் எனக்காகக் கெடுத்துக்கொண்ட கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் வாசித்தேன். ஏற்றம் வந்தது. சுண்டுவிரல் கிளம்பி, வழக்கம்போல வழியில் நின்று, போய்ச் சேர்ந்தது. அந்த இடைவெளியில் அவன் கண்கள் மூடின.

நிறுத்தினால் விழித்துவிடுவானோ என்று மறுபடியும் வாசித்தேன். மூச்சு சீராகியது. நிஜமான தூக்கம்தான், வாய் லேசாகத் திறந்திருந்தது. போர்வைமேல் கிடந்த அவன் இடது கையைத் தற்செயலாகப் பார்த்தேன். கட்டுக்கு வெளியே தெரிந்த மூன்று விரல்களும் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. என் வாசிப்போடு சேர்ந்து அசைகின்றன என்றுதான் முதலில் நினைத்தேன். கூர்ந்து கவனித்தேன். அவை முன்னால் போய்க்கொண்டிருந்தன. அவன் விரல் ஒன்று இறங்கும், அதற்குப் பிறகு அந்தச் சுரம் என் கிதாரில் வரும். வேண்டுமென்றே வழியை மாற்றி, எப்போதும் வாசிக்காத ஒரு பக்கம் போனேன். அவன் விரல்கள் எனக்கு முன்பே அங்கே போயிருந்தன.

விளக்கேற்ற ஆயா வந்தபோதுதான் என்னால் நிறுத்த முடிந்தது.

காலையில் அவன் தெளிவாக இருந்தான். பெயரைக் கேட்டேன். செசில், ஏன் கேக்கறீங்க என்றான். பசிக்கிறது என்று சொல்லி இட்லி சாப்பிட்டான். டாரத்திக்குத் தந்தி கொடுத்திருந்தேன், மத்தியானம் வந்து சேர்ந்தார். குணமாகும்வரை ஹாஸ்டலிலேயே இருக்கட்டும், பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தர ஒரு கை போதும் என்று முடிவாயிற்று. பாஸ்டியன் சாருக்கு இன்னொரு தந்தி: செசில் வர இயலாது, நான் வாசிக்கிறேன்.

கிளம்பும்போது கிதாரை அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். எடுத்துக்கினு போங்க அண்ணே, இனிமே சனிக்கிழமை நிறுத்திடாதீங்க என்றான். நிறுத்த மாட்டேன் என்றேன். அவன் என் கையைப் பிடித்து, சுண்டுவிரலை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு விட்டான்.

கிறிஸ்துமஸ் நடனத்தில் அவன் கிதாரில் வாசித்தேன். இன்ஸ்டிட்யூட் நிரம்பி வழிந்தது. பாஸ்டியன் சார் தனி வாசிப்புக்குக் கண் காட்டினார். எது எங்கே போக வேண்டுமோ அங்கே போனது. ஜனங்கள் ஆடுவதை நிறுத்திவிட்டு மேடைப் பக்கம் வந்து நின்றார்கள். டீச்சரம்மா பியானோவிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். இந்தத் தடவை அந்தப் பார்வை வேறு மாதிரி இருந்தது.

இடைவேளையில் எல்லோருக்கும் பிரியாணி. மோசஸ் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பிச்சி ஒதறிட்டே. ரெண்டு வாட்டி எட்டிப் பாத்தேன்டா, செசில்தான் வந்துட்டானோன்னு."

அவன் பாராட்டாகத்தான் சொன்னான். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் சுண்டுவிரலைப் பார்த்தேன். அன்று அது ஒரு இடத்தில்கூடத் தாமதிக்கவில்லை.